அமிலத்தில் கரையாத சாம்பல்

2020 மே மாதம் நான் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டேன். பெரிய பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு படிவத்தில் 'ஏற்கப்பட்டது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகள், தேதி, அவ்வளவுதான்.

தென்மாவட்டத்தில் ஒரு மூலிகை மருந்து கம்பெனி. பெயர் வேண்டாம். தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை அது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்றால் ஏதோ வெள்ளைக் கோட்டுக் கூட்டம் என்று நினைக்காதீர்கள். நான், லேப் உதவிக்கு ஒரு அக்கா, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு தராசு, ஒரு மஃபிள் ஃபர்னஸ். கொரோனா வந்து ஊரே கபசுரக் குடிநீர் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அரசாங்கமும் கொடுத்தது, கவுன்சிலர் கொடுத்தார், ரசிகர் மன்றம் கொடுத்தது. கம்பெனி வாசலில் எந்நேரமும் ஒரு வண்டி நிற்கும்.

நிலவேம்பு பத்து மூட்டை வந்தது. சாம்பல் சோதனை போட்டேன். சமையல் செய்கிற யாருக்கும் புரிகிற சோதனைதான் அது. இரண்டு கிராம் பொடியைப் புடக்குவளையில் போட்டு 450 டிகிரிக்கு மேல் போகாமல் கரி அடங்கும்வரை எரிக்க வேண்டும். செடி போய்விடும், தாதுக்கள் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் செடியின் சொந்தச் சுண்ணாம்பு முதலானவை கரைந்துவிடும். கரையாமல் மிஞ்சுவது பெரும்பாலும் சிலிக்கா. அதாவது மணல், மண். கீரையை அலசிவிட்டுப் பாத்திரத்தின் அடியைப் பார்ப்போமில்லையா, அதையே எடைபோட்டுப் பார்ப்பது. இதற்குப் பெயர் 'அமிலத்தில் கரையாத சாம்பல்'.

வரம்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நிலவேம்பு இலையின் மேல்தோலில் சிஸ்டோலித் என்று சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். ஒருதடவை பார்த்துப் பழகிவிட்டால் தேட வேண்டியதில்லை, தானாகக் கண்ணில் படும். இந்தப் பொடியில் தேட வேண்டியிருந்தது. தண்டுதான் அதிகம். கூடவே வேறேதோ ஒரு இலை. அது எந்தச் செடி என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் தரப்படவில்லை.

"ஏம்மா, சாக்கு அடியிலருந்து எடுத்திருப்ப. மேலாப்ல எடுத்து இன்னொருதரம் போடு" என்றார் மேலாளர். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். இரண்டாம் தடவை கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் தடவை வரம்புக்குள் நூலிழையில் வந்து உட்கார்ந்தது. "பாத்தியா?" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், "ஊருல சனம் மருந்து கெடைக்காம தவிக்கிது, நீ மண்ணு கணக்கு பாத்துக்கிட்டிருக்க" என்றார்.

அவர் வில்லன் இல்லை. அதே சூரணத்தைத் தன் வீட்டுக்கும் கொண்டுபோய்க் காய்ச்சிக் குடித்தவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எழுதுவது சுலபம், அவர்களைப் பிடித்து உள்ளே போடச் சொல்லிவிடலாம். நம்பிக்கை உள்ளவர்களால் ஆகிற காரியம் இது. 'மூலிகைதானே, என்ன ஆகிவிடப்போகிறது' என்ற ஒரு வாக்கியம் இந்தத் தொழிலின் வயல் முதல் மளிகைக்கடை அலமாரி வரைக்கும் எல்லோருக்கும் விடுப்புச் சீட்டு கொடுத்துவைத்திருக்கிறது.

என்ன ஆகிவிடும்? சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், பிரஸல்ஸ் நகரின் ஓர் எடைகுறைப்பு மருத்துவமனையில், சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர்பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். மாத்திரையில் இருந்திருக்க வேண்டியது ஸ்டெஃபானியா என்ற செடியின் வேர். இருந்ததோ அரிஸ்டோலோக்கியா. சீன மொழியில் ஒன்றின் பெயர் 'ஃபாங் ஜி', மற்றதன் பெயர் 'குவாங் ஃபாங் ஜி'. நடந்த பிழை அவ்வளவுதான், பெயரில் ஓர் அடைமொழி. அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அரிப்பதோடு நிற்காது, புற்றும் வைக்கும்.

சீனாக்காரன் கதை நமக்கெதற்கு என்று நினைத்தால், ஆடுதின்னாப்பாளையும் கருடக்கொடியும் அதே அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான். இரண்டும் நம்மூர் நாட்டு மருந்துக் கடைகளில் புழங்கிய சரக்குகள். நம் பெயர்க் குழப்பமும் சீனர்களுடையதற்கு இளைத்ததில்லை. நீலச் சாயம் தருகிற, தலைமுடிக்குப் பூசுகிற செடிக்குப் பெயர் அவுரி. தூத்துக்குடிப் பக்கம் பேதிக்குக் கொடுக்கிற சென்னாவையும் அவுரி என்கிறார்கள். பற்படாகம் என்று கேட்டால் தமிழ்நாட்டில் ஒரு செடி வரும், கேரளத்தில் வேறு, வடக்கே போனால் மூன்றாவது ஒன்று. கீழாநெல்லிக் கட்டில் அதன் ஒன்றுவிட்ட சகோதரிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே வருவார்கள். வயலில் பச்சையாக நிற்கும்போது காயின் காம்பை வைத்து ஒரு கிழவி பிரித்துச் சொல்லிவிடுவாள். காய்ந்து, நொறுங்கி, சாக்கில் அடைபட்டு, மூன்று கை மாறி வந்தபின் அந்தக் கிழவியாலும் முடியாது. அரைத்துப் பொடியாக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள். 15-ம் கலந்தபிறகு எது இருக்கிறது, எது இல்லை என்று பிரிப்பது பெரிய லேப்களுக்கே தலைவலி. எனவே அரைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மூட்டைக்கும் அடையாளம் பார்த்தாக வேண்டும், வேறு வழியில்லை. நான் கையெழுத்துப் போட்டது அந்த இடத்தில்தான்.

இப்போது சருமத்துக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் இருக்கும் உங்களில் பாதிப்பேருக்கு இந்தப் பகுதிதான் நேரடிச் சம்பந்தம். கஸ்தூரி மஞ்சள் வாங்குகிறீர்களே, அது என்ன நிறம்? பளிச்சென்ற மஞ்சள் என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சளின் பொடி வெளிறிய சந்தன நிறமாக, கற்பூர வாசனையோடு இருக்கும். கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் மஞ்சக்கூவை என்ற இன்னொரு கிழங்கு. அதைப் பூசினால் உயிர் போகாதுதான். ஆனால் பெயர் எழுதிய பாக்கெட்டுக்குள் அந்தப் பெயருக்குரிய பொருளே இல்லை என்றால், 'நூறு சதவீதம் இயற்கை' என்ற அடுத்த வரியை மட்டும் எதை வைத்து நம்புவது?

என் சித்தி ஒரு க்ரீம் வாங்கினாள். குங்குமப்பூ, அதிமதுரம், கஸ்தூரி மஞ்சள் என்று டப்பாவில் எழுதியிருந்தது. உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. ஒரே வாரத்தில் முகம் வெளுத்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முன்–பின் படங்கள் போட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு வாரத்தில் தோலை வெளுக்கவைக்கும் அதிமதுரத்தை நான் பார்த்ததில்லை. பாதரசம் செய்யும். தோலுக்கு நிறம் தருகிற மெலனினை உண்டாக்கும் நொதியை அது முடக்கிவிடும். கடும் ஸ்டீராய்டும் செய்யும், ஆனால் நிறுத்தினால் முகம் வெடித்துக் கிளம்பும்.

கேரளத்தில் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகி, கால் வீங்கி வருகிற நோய். மொத்தம் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு வழக்கமாக அபூர்வமான ஒரு வகை. அந்த 15-ல் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் பூசியவர்கள். அந்த க்ரீம்கள் எல்லாமே மூலிகை என்று விற்கப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2022-ல், வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதே அபூர்வ வகை நோயைப் பாரம்பரிய மருந்து சாப்பிட்டவர்களிடம் கண்டு எழுதியிருந்தார்கள். அந்த மருந்துகளிலும் பாதரசம். அழகுப் பொருளில் தெரியாமல் ஒட்டிக்கொள்கிற பாதரசம் 1 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்று நம் சட்டமே சொல்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு. டப்பாவின் மேலே பூப்படம் இருக்கிறதா இல்லையா என்று சிறுநீரகம் பார்ப்பதில்லை.

"கெமிக்கல் இல்லன்னுதான ஏட்டி போட்டிருக்கு?" என்றாள் சித்தி.

இந்த இடத்தில் மூன்று தரப்பிலிருந்து எனக்கு அடி விழும் என்று தெரியும்.

முதலில் மரபு ஆர்வலர்கள். தரநிர்ணயம் என்பதே ஆங்கில மருத்துவத்தின் அளவுகோல், நம் அறிவை அதில் அளக்க முடியாது, எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சதி என்பார்கள். இவர்கள் சித்த மருத்துவ நூல்களைப் போற்றுகிற அளவுக்குப் படித்திருந்தால் நன்றாக இருக்கும். ஒரு பற்பம் முடிந்ததா என்று எப்படிப் பார்த்தார்கள்? விரல் ரேகைக்குள் படிகிறதா, நீரில் மிதக்கிறதா, உலோக மினுமினுப்பு போய்விட்டதா, நாக்கில் சுவையற்று இருக்கிறதா. சுண்ணத்தில் மஞ்சளைச் சேர்த்தால் சிவக்க வேண்டும். இதெல்லாம் தரக்கட்டுப்பாடு இல்லாமல் வேறென்ன? லிட்மஸ் தாளுக்குப் பதில் மஞ்சள், அவ்வளவுதான் வித்தியாசம். இரசமும் லிங்கமும் சேர்கிற மருந்தை இரசம், லிங்கம் என்று பெயர் சொல்லி, சுத்தி செய்து, அனுபானமும் பத்தியமும் வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். ஊர் பேர் இல்லாத டப்பாவில் பாதரசத்தை ஒளித்து விற்பவனுக்குச் சித்தர் படத்தை மாட்டிக்கொள்ள என்ன உரிமை? மூலிகை பறிக்கும் முன் காப்புக் கட்டி சாபநிவர்த்தி செய்கிற வழக்கத்தை மூடநம்பிக்கை என்று என் கல்லூரியில் சிரிப்போம். இப்போது எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. அந்தச் சடங்கைச் செய்கிறவன் செடிக்கு முன்னால் ஒரு நிமிஷமாவது உட்கார்ந்து அதைப் பார்க்கிறான். எங்கள் கம்பெனிக்கு வந்த மூட்டைகளை அப்படி யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று, பழைய சோதனைகளோடு நின்றுவிடவும் முடியாது. நீரில் மிதக்கிற பற்பம் நுண்மையாக அரைபட்டிருக்கிறது என்று தெரியும். அதில் ஈயம் எத்தனை பிபிஎம் என்று மிதப்பது சொல்லாது.

அந்நிய அளவுகோல் என்ற பேச்சுக்கு என் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு பதில் நிற்கிறது. சென்னா. உலகம் முழுக்க இதன் பெயர் திருநெல்வேலி சென்னா. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணில் விளைகிற இலையும் காயும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. ஐரோப்பிய மருந்து நூலில் திருநெல்வேலிக் காய்க்கென்றே தனிப் பதிவு இருந்ததுண்டு. பேதியாக்கும் சத்து நூற்றுக்கு 2.2 பங்குக்குக் குறையக் கூடாது என்று நெடுங்காலம் அதில் இருந்தது. ஒரு ஜெர்மன் கிழவரின் மலச்சிக்கலுக்குப் போகிற இலையை அளந்து, பிரித்து, சோதித்து அனுப்ப நம்மால் முடிகிறது. அந்த வயலுக்குப் பக்கத்துத் தெருக் கிழவருக்குப் போகிற பாக்கெட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இது தற்செயல் என்றும் சொல்ல முடியாது. 2004-ல் பாஸ்டன் நகரத்துத் தெற்காசியக் கடைகளில் 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்த மருத்துவர்கள், 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக எழுதினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. நம் அரசு என்ன செய்தது? மூலிகை மட்டுமே சேர்ந்த மருந்துகளுக்குக் கனஉலோகச் சோதனையை 2006 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. எதற்கு? ஏற்றுமதிக்கு. மூட்டை கப்பல் ஏறுவதாக இருந்தால் ஈயம் ஆபத்தாகிவிடுகிறது.

இரண்டாம் தரப்பு என் பகுத்தறிவு நண்பர்கள். இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் 'பார், இதெல்லாமே டுபாக்கூர்' என்று போடப்போகிறவர்கள். தயவுசெய்து வேண்டாம். நிலவேம்பு வேலை செய்கிறதா இல்லையா என்று ஆராய வேண்டுமென்றால்கூட முதலில் கையில் இருப்பது நிலவேம்பாக இருக்க வேண்டுமே? தரம் தெரியாத பொடியை வைத்து 'குணமாகிறது' என்று நிரூபிக்கவும் முடியாது, 'ஆகவில்லை' என்று நிரூபிக்கவும் முடியாது. நீங்கள் கிண்டல் செய்து முடித்தபிறகும் சனங்கள் அதைக் குடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். மண்ணோடு.

மூன்றாம் தரப்பின் வாதத்தைத்தான் நான் மதிக்கிறேன். சோதனை, கருவி, சான்றிதழ் என்று ஏற்றிக்கொண்டே போனால் சின்ன வைத்தியர் செத்துவிடுவார், பெரிய கம்பெனிகள் மட்டும் மிஞ்சும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்திலேயே ஒரு கனஉலோகச் சோதனைக்கு வெளி லேபுக்கு அனுப்ப வேண்டுமென்றால் முதலாளி முகம் சுருங்கும். பெரிய இடங்களில் வேறு விளையாட்டு நடக்கும். ஒரு சத்தின் சதவீதத்தைத் தரம் என்று வைத்தால், அந்தச் சத்தை மட்டும் வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்துவிடலாம். மஞ்சள் சாற்றில் ஆலையில் செய்த குர்குமினைக் கலப்பது உலகச் சந்தையில் தெரிந்த கதை. ஆக, காகிதத்தில் எண் சரியாக இருக்கும், கிழங்கு இருக்காது.

ஆனால் சின்ன வைத்தியரைக் காட்டிப் பேசுகிறவர்கள் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில், இந்திய மருத்துவ முறைகளுக்கென்று 1964-ல் ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். அதில், தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே மருந்து செய்து கொடுக்கிற வைத்தியருக்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. அவரை யாரும் நசுக்கவில்லை. அவர் நாடி பார்க்கிறார், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுநாள் அவர் திண்ணையில் போய் நின்று கேட்கலாம். லாரியில் ஏற்றி மாநிலம் தாண்டி விற்கிறவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்? இவர் அவருடைய துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு பேசுகிறார்.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 26-ஆம் பிரிவு. மருந்தோ அழகுசாதனமோ வாங்கிய எவரும், கட்டணம் கட்டி, அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதித்து அறிக்கை வாங்கலாம். நீங்கள் வாங்கிய பாராசிட்டமாலை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். சித்தியின் க்ரீமையும் கொடுக்கலாம். ஆனால் இந்திய மருத்துவ அத்தியாயத்துக்கு முந்தைய அத்தியாயத்திலிருந்து எவையெவை பொருந்தும் என்று 33எச் பிரிவு சொல்கிறது: 22, 23, 24, 25. அங்கேயே நின்றுவிடுகிறது. 26 இல்லை. வேண்டுமென்றே விட்டார்களா, மறந்தார்களா, எனக்கு இரண்டும் ஒன்றுதான். கபசுரக் குடிநீர் வாங்கிக் குடித்த உங்களுக்கு, அதில் என்ன இருந்தது என்று அரசிடம் காசு கட்டிக் கேட்கும் உரிமையைக்கூட அந்தப் பிரிவு தரவில்லை. ஆய்வாளர் வந்து மாதிரி எடுத்தால் உண்டு. அவர் எப்போது வருவார் என்பது அவர் பாடு.

எனவே என் கோரிக்கை ரொம்பச் சின்னது. 26-ஐ அந்தப் பட்டியலில் சேருங்கள். மாவட்டத்துக்கு ஒரு லேப் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். மைக்ராஸ்கோப்பும் ஃபர்னஸும் ஒவ்வொரு தாவரவியல், வேதியியல் துறையிலும் தூசியடைந்து கிடக்கின்றன. மூட்டையின் அடையாளமும் சாம்பலும் பார்க்க முதுகலை மாணவர் போதும், நான் அப்படி வந்தவள்தான். கனஉலோகத்துக்கு மட்டும் மாநில லேப். அதற்குச் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கட்டணத்தை அரசு ஏற்கட்டும். ஓட்டுக்கு இலவசமாகக் குடிநீர் காய்ச்சி ஊற்றக் காசு இருந்ததல்லவா. பேட்ச் எண்ணைத் தட்டினால் சோதனை முடிவு ஃபோனில் தெரியட்டும், தோற்றதும் சேர்த்து.

சித்தியிடம் 26-ஆம் பிரிவைச் சொன்னேன். "ஆபீஸ் ஆபீஸா யாரு அலைவா?" என்றாள். வற்புறுத்திச் சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் செய்யவைத்தேன். புரதம் இல்லை. அதைக் காட்டி, "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று என் வாயை அடைத்தாள். இன்னமும் அதைப் பூசுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். கல்யாண வீட்டில் பார்த்தேன், முகம் ஒரு நிறமும் கழுத்து வேறு நிறமுமாக இருந்தாள்.

அந்த வேலையை நான் அடுத்த வருடம் விட்டேன். பெரிய கொள்கை முடிவெல்லாம் இல்லை, சம்பளம் போதவில்லை. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பாட்டில் வைப்பு மாதிரி என்று எடுத்து, சீட்டு ஒட்டி, காலாவதிக்கு அப்புறமும் கொஞ்ச காலம் வைத்திருப்பார்கள். பிற்பாடு புகார் வந்தால் திறந்து பார்க்க. நான் கையெழுத்திட்ட பேட்ச்சின் பாட்டிலை இரண்டாம் அலமாரியில் இடது ஓரமாக நான்தான் வைத்தேன். ஒரு புகாரும் வரவில்லை. லேப் அக்காவிடம் போன மாதம் ஃபோனில் பேசியபோது அந்த அலமாரியைக் கேட்டேன். "பழசெல்லாம் அள்ளித் தென்னைக்குப் போட்டாச்சுல்லா" என்றார்.